இருவர், ஒரு வண்டி, எட்டு கிலோ: கூடாரத்தை விட்டுவிடலாமா?

வைகைக்கரை | வெள்ளி, இரவு 9.40

மதுரைக்காரன். பொங்கல் கழிந்த அடுத்த வாரம் நானும் மனைவியும் 150 சிசி வண்டியில் ராமநாதபுரம் போய், அங்கிருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மாரியூர் என்று கரையை ஒட்டியே சாயல்குடி வரை போவதாகத் திட்டம். இரண்டு ராத்திரி கடற்கரையில் கூடாரம். நான் தனியாக நிறையப் போயிருக்கிறேன். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு கேம்பிங் போவது இதுதான் முதல் தடவை.

நேற்று சாமான் எல்லாவற்றையும் ஹாலில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துக் கணக்கெடுத்தேன். கூடாரம் 3.2 கிலோ. ஸ்லீப்பிங் பேக் இரண்டும் 2.8. மேட் இரண்டும் 1.2. அடுப்பும் பாத்திரமும் 1.9. மடக்கு நாற்காலி இரண்டும் 2.2. கேமரா பை 3. துணிமணி 5. டூல்ஸ், பம்ப் 2.5. அரிசி, நூடுல்ஸ், காபித்தூள் வகையறா 2. தண்ணீர் 6 லிட்டர், அது 6 கிலோ. கூட்டினால் 29.8.

எல்லாவற்றையும் வண்டியில் கட்டிப் பார்த்தேன். வீடு மாற்றுகிறவன் வண்டி மாதிரி நிற்கிறது. மனைவி ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள், பின்னால் இருந்த பை முழங்காலில் இடித்தது, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். எதைக் குறைப்பது? பையில் பாதியை அடைத்துக்கொள்வது கூடாரம்தான். அதையே விட்டுவிட்டால் என்ன?

எட்டுகிலோ | வெள்ளி, இரவு 10.15

எல்லாவற்றையும் எடை போட்டீர்கள், உங்கள் இருவரையும் சேர்க்கவில்லையே தம்பி. கணக்கு அங்கேதான் ஆரம்பம். வண்டி மேனுவலை எடுங்கள். சுமையோடு சேர்த்த மொத்த எடை என்று ஒன்று, வெறும் வண்டியின் எடை என்று ஒன்று போட்டிருக்கும். கழித்தால் வருவதுதான் வண்டி சுமக்க ஒப்புக்கொண்ட பளு. பெட்ரோல், ஆயில் எல்லாம் வண்டி எடைக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் நீங்கள், மனைவி, இரண்டு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அந்தப் பளுவுக்குள்தான். என்ன வருகிறது?

வைகைக்கரை | வெள்ளி, இரவு 10.32

பளு 150 கிலோ. நான் 74, அவள் 61. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து 7. ஆக 142.

எட்டுகிலோ | வெள்ளி, இரவு 10.34

மிச்சம் எட்டு. என் பெயரைப் பாருங்கள், சும்மா வைத்துக்கொள்ளவில்லை.

நாற்காலி, கேமரா, அடுப்பு, அரிசி எல்லாம் அலமாரிக்குத் திரும்பட்டும். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் கிடைக்காத சாப்பாடா? ராத்திரி பரோட்டாவைக் கட்டி வாங்கிக்கொண்டு கரைக்குப் போனால் முடிந்தது. ஸ்லீப்பிங் பேக் கொடைக்கானலுக்கு வாங்கியதாக இருக்கும். கடலோரத்தில் அதற்குள் படுத்தால் அவித்த இட்லிதான். ஆளுக்கு ஒரு போர்வை போதும். கூடாரத்துக்குப் பதில் ஒரு கொசுவலை, ஒரு பாய். வலை அரைக் கிலோகூட வராது. நானும் நண்பனும் இப்படித்தான் வருஷத்துக்கு நாலு தடவை போகிறோம். ஒரே பை, எட்டு கிலோ, அவன் மடியில்கூட ஒன்றும் இருக்காது.

மூட்டைமுடிச்சு | வெள்ளி, இரவு 11.05

ஆரம்பித்துவிட்டார் நம் எட்டுகிலோ அண்ணன். இவர் பேச்சைக் கேட்டால் பல் துலக்கும் பிரஷையும் பாதியாக உடைத்துக்கொண்டு போகச் சொல்வார்.

மேனுவல் கணக்கைக் கேட்டால் தமிழ்நாட்டில் ஒரு குடும்பமும் வண்டியில் ஏற முடியாது. வீட்டு கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவுக்குப் பக்கம் வரும். வைகைக்கரையின் மொத்த மூட்டையே அவ்வளவுதான். பின்னால் மச்சானை உட்கார வைத்து, அவன் மடியில் அந்தச் சிலிண்டரைக் கொடுத்து ஊரெல்லாம் போகிறார்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் விடிகாலையில் போய்ப் பாருங்கள், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றிக்கொண்டு எத்தனை பேர் போகிறார்கள் என்று. அந்தப் பெட்டியின் எடை தெரியுமா?

சுற்றுலா போவது சந்தோஷமாக இருக்க. பின்னால் வருகிறவர் நம்மை நம்பி வருகிறார். அவரை மணலில் பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டு, எடையைக் குறைத்தேன் என்று மீசையை முறுக்கினால் அடுத்த தடவை கூட வரமாட்டார். கூடாரமும் நாற்காலியும் எடுங்கள், ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். அவ்வளவுதான்.

பரமக்குடிப் பட்டறை | சனி, காலை 7.20

நான் பட்டறை வைத்திருப்பவன். மூட்டைமுடிச்சு சொன்ன மீன் பெட்டிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், சண்டைக்கு இல்லை.

மீன் கொண்டுபோகிறவர் தனியாகப் போகிறார். பின்னால் ஆள் உட்காருகிற இடத்தில்தான் பெட்டி இருக்கிறது. வைகைக்கரை வண்டியில் அந்த இடத்தில் மனைவி இருப்பார். மூட்டை அவருக்கும் பின்னால், பின்சக்கரத்தின் அச்சையும் தாண்டிப் போகிறது. அங்கேதான் வில்லங்கம். ஏற்றம் இறக்கம் ஆடுகிற பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் பின்னால் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும். ஹேண்டில் லேசாகிவிட்டது, வண்டி நன்றாக ஓடுகிறது என்று தோன்றும். நன்றாக ஓடவில்லை, முன்டயர் தரையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வளைவில் வண்டி வெளியே இழுக்கும், பிரேக் பிடித்தால் தள்ளிப் போய் நிற்கும். ராத்திரியில் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவன் திட்டுவான்.

ஆகவே எத்தனை கிலோ என்பதோடு எங்கே வைக்கிறோம் என்பதையும் பாருங்கள். கனமான டூல்ஸும் தண்ணீரும் இரண்டு பக்கப் பையில், கீழே, முடிந்தவரை முன்னால் தள்ளி. டேங்க் மேல் ஒரு சின்னப் பை வைக்கலாம். பின் கேரியரில் போர்வை, துணி மாதிரி லேசான சாமான் மட்டும். கேரியரிலேயே எத்தனை கிலோ தாங்கும் என்று ஒட்டியிருக்கும், படித்துப் பாருங்கள். சைலன்சர் பக்கத்துப் பை அதில் படாமல் இருக்கிறதா என்று, ஆள் உட்கார்ந்த பிறகு பாருங்கள். வெறும் வண்டியில் நாலு விரல் இடைவெளி இருக்கும், இருவர் ஏறியதும் அது ஒரு விரலாகிவிடும்.

கட்டுவதற்கு அந்தக் கலர் கலர் எலாஸ்டிக் கயிறு வேண்டாம். கொக்கி கழன்றால் நேரே செயினுக்குள் போகும். பழைய டியூபை நீளமாக வெட்டின ரப்பர் கயிறு எந்தப் பட்டறையிலும் சும்மாவே தருவார்கள். பாதிக்கு இழுத்துக் கட்டினால் ஊர் போய்ச் சேரும்வரை அசையாது. பின்டயருக்கு ஆள் இருந்தால் எவ்வளவு காற்று என்று தனியாகப் போட்டிருக்கும், என் வண்டியில் தனியாகப் போனால் 28, ஆள் இருந்தால் 32. பின் ஷாக்கையும் ஒன்றிரண்டு படி ஏற்றிக்கொள்ளுங்கள். செயினை மட்டும் புறப்படும் அவசரத்தில் இறுக்கிவிடாதீர்கள். பாரம் ஏறும்போது அது தானாக இன்னும் இறுகும். மேனுவலில் சொன்ன தொய்வு இருக்கட்டும்.

எட்டுகிலோ | சனி, காலை 7.51

பட்டறைக்காரர் சொன்னதை நான் தலைகீழாக நின்று ஒப்புக்கொள்கிறேன். மூட்டைமுடிச்சு சாரின் நாற்காலிகள் அச்சுக்கு எந்தப் பக்கம் போகும் என்று அவரே சொல்லட்டும்.

புதுடயர் | சனி, காலை 9.10

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஏன் சாயல்குடி? நேரே தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் கூடாரம் போட்டால் செமையாக இருக்குமே? இல்லாவிட்டால் போட் பிடித்து ஏதாவது தீவுக்கு?

சாயல்குடிப் பனை | சனி, காலை 10.25

தம்பி புதுடயர், இரண்டும் நடக்காது. தனுஷ்கோடிச் சாலையில் பொழுது சாய்ந்தால் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள், ராத்திரி தங்க விடமாட்டார்கள். அங்கே 2025-இல் பூநாரைக்கென்று சரணாலயமும் அறிவித்திருக்கிறார்கள். தீவுகள் இருபத்தொன்றும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகிறவை, 1986-லிருந்து. வனத்துறைக்குத் தெரியாமல் கால் வைத்தால் வழக்குதான்.

வைகைக்கரை அண்ணே, நான் இந்தப் பக்கத்துக்காரன். உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், தெரிந்தோ தெரியாமலோ தைமாசத்துக்குத் தென்கடலைப் பிடித்திருக்கிறீர்கள். இப்போது வாடைக்காற்று. தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் போனால் கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். எங்கள் பக்கம் அது நிலத்தைத் தாண்டி வருவதால் கரை அடங்கிக் கிடக்கும். இதையே ஆடியில், தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் செய்தீர்களானால் கூடாரமும் நிற்காது, சோற்றில் மணல் இல்லாமல் ஒரு வாய் சாப்பிடவும் முடியாது. மாசத்தைப் பார்த்துக் கரையைப் பிடித்தால் பாதிச் சாமான் தானாகக் குறையும். இதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

அடுத்தது, வண்டியை மணலில் இறக்காதீர்கள். தார் முடிகிற இடத்தில், ஏதாவது ஒரு வீட்டுப் பக்கத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பனைமட்டைத் துண்டோ தட்டைக் கல்லோ வையுங்கள், இல்லாவிட்டால் விடிவதற்குள் வண்டி படுத்துவிடும். அங்கிருந்து கரைக்கு முந்நூறு நானூறு அடி இருக்கும், சாமானைக் கையில் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். மேனுவலை விடுங்கள். புழுதி மணலில் ஒரே நடையில் இருவரும் தூக்க முடிகிறதா, அதுதான் எங்கள் ஊர்த் தராசு. இரண்டாவது நடை போகவேண்டி வந்தால் சாமான் அதிகம்.

முள்ளைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சீமைக்கருவை முள் செருப்பையும் தாண்டும், கூடாரத்தின் அடித்துணி எம்மாத்திரம். கரை மேட்டில் பந்து பந்தாக உருளுமே, ராவணன் மீசை, அதன் நுனியும் ஊசிதான். படுக்கிற இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கீழே ஒரு பழைய சிமெண்ட் சாக்கைப் பிரித்து விரியுங்கள்.

அப்புறம் தண்ணீர். அதை மட்டும் யார் சொன்னாலும் மறந்துவிட்டுப் போகாதீர்கள். இங்கே கிணறு என்றால் பாதி இடத்தில் உப்பு. ஊரில் தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற பெண்களைப் பார்ப்பீர்கள், அவ்வளவு தூரம் போய் எடுத்துவருவது குடிக்க. அவர்கள் வீட்டில் போய் வண்டி கழுவ ஒரு வாளி தண்ணீர் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உப்புப் பிடிக்கிறது என்றால் பரமக்குடி தாண்டிக் கழுவிக்கொள்ளுங்கள்.

மூட்டைமுடிச்சு | சனி, மதியம் 1.30

பனை அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் வலையும் பாயும் போதும் என்கிற கட்சிக்கு அதில் பதில் இல்லை. என் கதையைச் சொல்கிறேன்.

மூன்று வருஷம் முன்னால், இதே தைமாசம், வாலிநோக்கம் பக்கம். அப்போது நானும் எட்டுகிலோ கட்சிதான். நான்கு கம்பு நட்டு, வலையைக் கட்டி, கோரைப்பாய் விரித்து நானும் மனைவியும் படுத்தோம். பத்து மணிக்கு நட்சத்திரம் பார்த்தோம், அருமையாக இருந்தது. இரண்டு மணிக்கு முழித்தேன். முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. மழை இல்லை, பனி. வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு நிற்கிறது. கையால் லேசாகத் தட்டினேன், அத்தனையும் எங்கள் மேல் கொட்டியது. போர்வையைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. பாய் ஊறி, அதில் ஒட்டின மணல் முதுகில் ஒட்டி, விடிகிறவரை இருவரும் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தோம். கடற்கரையில் குளிராது என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிப்போயிருந்தேன். ஈரத்தோடு வாடைக்காற்றும் சேர்ந்தால் குளிருமா குளிராதா என்று அன்றைக்குத் தெரிந்தது. விடிந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “கூடாரம் எத்தனை கிலோ?”

எட்டுகிலோ | சனி, மதியம் 2.05

சரி, பனியை நான் சொல்லாமல் விட்டது தப்புதான். நாங்கள் போவது பெரும்பாலும் மாசி கடைசி, பங்குனி. தைக்கு மேலே ஒரு தார்பாய் வேண்டும். கனமான நீலத் தார்பாய் இல்லை, மெல்லிசாக ஒன்று, 700 கிராமில் கிடைக்கிறது. வலைக்கு மேலே சாய்வாகக் கட்டினால் பனி அதில் நிற்கும். வலை 450, தார்பாய் 700, கயிறு 100. அப்போதும் கூடாரத்தில் பாதி எடைகூட வரவில்லை. கம்பு எதற்கு? கரையில் கிடக்கிற வள்ளத்தில் கட்டலாம்.

சாயல்குடிப் பனை | சனி, மதியம் 2.20

வள்ளத்தில் கட்டாதீர்கள். மூன்று மணிக்கு எழுப்பிக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள், அவர்கள் பிழைப்பு அது.

பின்சீட்டு | சனி, மாலை 6.45

காலையிலிருந்து படிக்கிறேன். இரண்டு கட்சியிலும் வண்டி ஓட்டுகிறவர்கள்தான் பேசுகிறீர்கள். பின்னால் உட்காருகிறவர்களைப் பற்றி இவ்வளவு பேச்சு, உட்காருகிறவர்கள் ஒருவரும் இல்லை. ஆறு வருஷமாகப் பின்சீட்டில் போகிறவள் நான், கொஞ்சம் கேளுங்கள்.

எட்டுகிலோ அண்ணா, நீங்கள் நண்பரோடு போகிறீர்கள். இருட்டினால் கைலியைச் சுற்றிக்கொண்டு உடை மாற்றிவிடுவீர்கள். கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு நடந்து வருவீர்கள். நான் எங்கே மாற்றுவது? வலைக்குள்ளா? அது நாலு பக்கமும் தெரிகிற வலை. நைட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே எல்லாவற்றையும் மாற்றுகிற வித்தை எங்கள் எல்லோருக்கும் தெரியும், பஸ்ஸிலும் செய்வோம். ஆனால் விடுமுறைக்கு வந்த இடத்திலும் அதையேதான் செய்ய வேண்டுமா? எனக்குக் கூடாரம் தூங்குகிற இடம் இல்லை. ஜிப்பை இழுத்து மூடினால் அது ஒரு அறை. அந்த ராத்திரியில் அந்தக் கரையில் எனக்கு இருக்கிற ஒரே கதவு. 3.2 கிலோவுக்கு ஒரு கதவு கிடைக்கிறது என்றால் நான் என் துணியில் 3 கிலோவைக் குறைத்துக்கொள்ளத் தயார்.

மூட்டைமுடிச்சு அண்ணா, உடனே சந்தோஷப்படாதீர்கள். நீங்கள் எனக்காக ஏற்றுகிற நாற்காலியை நான் கேட்கவே இல்லை. ராத்திரி ஒரு மணி நேரம் அதில் உட்காருவதற்காகப் பகல் முழுக்க அதன் கம்பி என் இடுப்பில் குத்துகிறது. பின்னால் பை இருந்தால் சாய்ந்துகொள்ள வசதி என்று எல்லோரும் சொல்வார்கள். பை மெத்தென்று இருந்து, எனக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தால் வசதி. இல்லாவிட்டால் பிரேக் அடிக்கும்போதெல்லாம் பை என்னைத் தள்ளும், நான் அவரைத் தள்ளுவேன், அவர் “ஏன் மேலே மேலே விழுகிறாய்” என்பார். பக்கப் பையைப் புடைக்கப் புடைக்க அடைத்தால் என் கால் விரிந்தே இருக்கும். முக்கால் மணி நேரத்தில் இடுப்பு மரத்துப்போகும். அந்த வலிக்கு உங்கள் தராசில் கிலோ இல்லை.

வைகைக்கரை சார், உங்கள் மனைவி காலைத் தூக்கி, பை இடித்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார் என்று எழுதியிருக்கிறீர்களே. அதுதான் இந்த விவாதத்திலேயே முக்கியமான வரி. ஏறவே முடியாத மூட்டையில் எது உள்ளே எது வெளியே என்று எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்?

இன்னொன்று, சுடிதார் போட்டால் துப்பட்டா வேண்டாம், அதை யாரும் சொல்லவில்லை. செயின் அவருக்குப் பக்கத்தில் இல்லை, எனக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது.

மூட்டைமுடிச்சு | சனி, இரவு 7.30

நாற்காலியை இறக்கிவிட்டேன், தங்கச்சி.

எட்டுகிலோ | சனி, இரவு 8.10

கதவு என்று சொன்னது எனக்கு உறைத்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பக்கம் நான் யோசித்ததே இல்லை. கூடாரம் இருக்கட்டும்.

ஆனால் என் கணக்கை நான் விடவில்லை. 150 என்பது மனைவி வந்தால் 160 ஆகாது. கூடாரம் உள்ளே வந்தால் அதற்கு ஈடாக வேறு ஏதோ வெளியே போகவேண்டும். பின்சீட்டு சகோதரி அதைத் தானே சொன்னார், துணியில் குறைப்பேன் என்று. இங்கே கூடாரமும் வேண்டும், கேமராவும் வேண்டும், காபித்தூளும் வேண்டும் என்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

அப்புறம் கூடாரத்தையே எடுத்துப்போவதானால் முளைகளை வீட்டில் வைத்துவிடுங்கள். மணலில் அது ஒன்றும் பிடிக்காது, கையால் இழுத்தாலே வரும். பத்து கிலோ அரிசிப் பை காலியாக நாலு எடுத்துக்கொள்ளுங்கள். மணலை நிரப்பி, கயிற்றை வாயில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் வாடைக்கு அசையாது. காலிப் பைக்கு எடையே இல்லை. இது என் எட்டு கிலோ மூளையிலிருந்து வந்தது என்று மூட்டைமுடிச்சு சார் குறித்துக்கொள்ளட்டும்.

பரமக்குடிப் பட்டறை | ஞாயிறு, காலை 8.00

ஒரு யோசனை. பாரத்தோடு வேகமாகப் போகிற இடம்தான் ஆபத்து. மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை 110 கிலோமீட்டர் போல நான்கு வழி, இரண்டு வழி என்று லாரி, பஸ்ஸுக்கு நடுவே போகவேண்டும். கரையோரச் சாலையில் நாற்பதில் போனால் போதும், யாரும் துரத்தமாட்டார்கள். அந்த 110-ஐ மட்டும் வீட்டம்மாவும் மூட்டையும் ராமேஸ்வரம் ரயிலில் வரட்டும். ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்கியதும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மூட்டைமுடிச்சு | ஞாயிறு, காலை 8.12

இது பயணமா, பார்சல் சர்வீஸா?

எட்டுகிலோ | ஞாயிறு, காலை 8.15

முதல் தடவையாக மூட்டைமுடிச்சு சாரோடு ஒத்துப்போகிறேன்.

சாயல்குடிப் பனை | ஞாயிறு, காலை 9.40

எனக்குப் பட்டறை அண்ணன் சொன்னது சரியாகத்தான் படுகிறது, பெருமைக்காக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வேண்டுமானால் கசக்கும்.

இடம் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஆள் இல்லாத கரை நல்லது என்று தேடிப் போகாதீர்கள். இது இலங்கைக்கு எதிர்க்கரை. ராத்திரியில் தெரியாத வண்டி, தெரியாத ஆள் என்றால் கடலோரக் காவல் போலீஸ் வந்து விசாரிப்பார்கள், ஊர்க்காரர்களும் கேட்பார்கள். ஆதார் கையில் இருக்கட்டும். பொழுது இருக்கும்போதே ஏதாவது ஒரு மீனவ ஊரில் பெரியவர்களிடம் கேளுங்கள், “நாங்கள் இருவர், ஒரு ராத்திரி, விடிந்ததும் போய்விடுவோம்” என்று. கோயில் பக்கம், சர்ச் பக்கம், வலை பின்னுகிற கொட்டகைப் பக்கம் என்று அவர்களே இடம் காட்டுவார்கள். கழிப்பறைக்கும் யாராவது ஒரு வீட்டு அக்கா வழி சொல்வார். அதைக் கேட்பதற்குக் கிலோ ஒன்றும் ஆகாது.

ஆமை முட்டையிடுகிற காலம் தொடங்கிவிட்டது, பங்குனி வரை இருக்கும். தண்ணீர் ஓரத்தில் கூடாரம் போடாதீர்கள், பெரிய லைட்டைக் கடலைப் பார்த்து அடிக்காதீர்கள். வெளிச்சம் பார்த்தால் ஆமை ஏறாமல் திரும்பிவிடும். ஆகவே நீங்கள் வைத்திருக்கிற பெரிய விளக்கையும் வீட்டிலேயே வைக்கலாம், கையடக்க டார்ச் போதும். எடைக்கட்சிக்கு இது என் நன்கொடை.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். மேலே இருக்கிற பெயர் அவருடையது, எழுதுவது அவர் இல்லை. காலைத் தூக்கிவிட்டு உள்ளே போனவள்.

மூன்று நாளாக ஹாலில் நடக்க இடமில்லாமல் சாமான் கிடக்கிறது. இவர் போனைப் பார்த்துத் தானே சிரிக்கிறார், தானே கோபப்படுகிறார். என்ன என்று வாங்கிப் படித்தேன். பின்சீட்டு அக்காவுக்கு நன்றி. நான் உள்ளே போனது கோபத்தில் இல்லை, முழங்காலில் எண்ணெய் தேய்க்க. ஆனால் அக்கா சொன்னதும் சரிதான்.

இன்று மதியம் நானே உட்கார்ந்து பிரித்தேன். நாற்காலி, ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, அரிசி, கேமரா எல்லாம் பரணுக்குப் போய்விட்டன. கேமராவுக்குத்தான் கொஞ்சம் முகம் சுருங்கியது. கூடாரம் இருக்கிறது, 3.2. முளைகளை எடுத்துவிட்டு அரிசிப் பை வைத்தது போக 2.9 ஆயிற்று. மேட் இருக்கட்டும், 1.2. போர்வை இரண்டும் 0.9. துணி இருவருக்கும் 2.5, அதில் அவருடைய மூன்று டி-ஷர்ட்டை நான் எடுத்தது இன்னும் அவருக்குத் தெரியாது. டூல்ஸில் எத்தனை வண்டிக்கு ஏழு ஸ்பேனர் என்று கேட்டேன், வண்டி ஒன்றுதான் என்றார், அப்படியானால் இன்னும் குறைக்கலாமே என்றேன். பஞ்சர் கிட், பம்ப் சேர்த்து 1.8. டார்ச், மருந்து, ஆதார், சிமெண்ட் சாக்கு எல்லாம் 0.7. ஆக 10 கிலோ. தண்ணீர் கரைக்குப் போவதற்கு முன்னால் கடைசி ஊரில் வாங்கிக்கொள்வோம், நாலு லிட்டர், அந்தக் கடைசி ஐந்தாறு கிலோமீட்டர் நாற்பதுக்குக் கீழே. ஒரே நடையில் தூக்க முடிகிறதா என்று மொட்டை மாடிவரை ஏறிப் பார்த்தோம், முடிகிறது.

ரயில் யோசனை சொன்ன அண்ணனுக்கு: நல்ல யோசனைதான், ஆனால் நான் மூட்டையோடு வருகிற மூட்டை இல்லை. வண்டியிலேயே வருகிறேன். மானாமதுரையில் ஒரு தடவை, பரமக்குடியில் ஒரு தடவை இறங்கி நடப்பேன், அதை இவர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

எட்டுகிலோ அண்ணன் கணக்குப்படி எட்டுதான் இடம், நாங்கள் வைத்திருப்பது பத்து. அந்த இரண்டு கிலோவை எங்கே குறைப்பது என்று இவர் இன்னும் ஸ்பேனரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். தன் எடை 74 என்று மேலே எழுதியிருக்கிறாரே, அது தீபாவளிக்கு முன்னால் பார்த்தது. இன்று மெஷினில் ஏற்றிப் பார்த்தேன், 76. பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.